அரசு விதித்த நோன்பு

1832 மார்ச் 21, புதன்கிழமை, நாடெங்கும் நோன்பு என்று இங்கிலாந்தின் அரசர் நான்காம் வில்லியம் ஆணையிட்டிருந்தார். முந்தைய ஆண்டு சண்டர்லாந்து துறைமுகத்தில் கரையேறிய காலரா, லண்டன் வரை வந்துவிட்டிருந்தது. அந்நாளில் தேசியப் பிரார்த்தனை நாள் என்பது விருப்பமிருந்தால் கும்பிடுகிற சமாசாரம் அல்ல. அன்றைக்கென்றே அச்சிட்ட ஜெபங்கள் ஆலயங்களுக்குப் போகும். வேலை நாளிலேயே கடையும் பட்டறையும் அடைபடும். கொள்ளைநோயும் போரும் பஞ்சமும் நாடு செய்த பாவத்துக்குத் தண்டனை, ஆகவே நாடே மண்டியிட வேண்டும் என்பது கணக்கு.

கூலிக்காரனுக்கோ ஒரு நாள் சம்பளம் போனது. பட்டினி கிடக்க அவனுக்கு அரசாணை எதற்கு? லண்டன் தொழிலாளர்கள் அன்று ஊர்வலம் கிளம்பினார்கள். ஏழைக்கு வேண்டியது நோன்பல்ல, சோறு என்பது அவர்கள் கட்சி. வில்லியம் லவட் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகி, பிறகு வழக்கில் விடுதலையானார்கள்.

1853இல் காலரா திரும்பியது. நோன்பு நாள் அறிவிப்பீர்களா என்று எடின்பரோ பாதிரிமார் சபை கேட்டது. உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு அனுப்பிய பதில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. நோய் அழுக்கில் பிறக்கிறது. முதலில் ஏழைகளின் குடியிருப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். அதைச் செய்யாமல் எத்தனை நோன்பிருந்தும் பயனில்லை என்பது அதன் சாரம். மறு ஆண்டு கிரிமியப் போருக்காக ஒரு நாள் குறித்தபோது விக்டோரியா ராணியே முகம் சுளித்தார். ஒரு மனிதரின் பேராசையால் மூண்ட போருக்கு நம் பாவம் காரணம் என்பது பாசாங்கு என்று பிரதமருக்கு எழுதினார். அந்த ஒரு மனிதர் ரஷ்யாவின் ஜார்!

ஆனாலும் வழக்கம் உடனே ஒழியவில்லை. 1857இல் இந்தியாவில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்தபோது அக்டோபர் 7 நோன்பு நாளானது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 23 வயதுப் போதகர் ஸ்பர்ஜன் பிரசங்கம் செய்ய, 23,654 பேர் கேட்டார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் செய்த பாவம் எது? பேராசை என்று சில பாதிரிமார் சொன்னார்கள். இந்துக்களின் வழிபாட்டைச் சகித்துக்கொண்டதும் பாவம் என்றார் ஸ்பர்ஜன். குற்றத்தை ஒப்புக்கொள்கிற நாளிலும் எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 மே 26இல் தொனியே வேறு. ஆறாம் ஜார்ஜ் மன்னர் வானொலியில் பிரார்த்தனைக்கு அழைத்தார். நாளோ ஞாயிறு, யாருடைய கூலியும் போகவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய வாசலில் நீண்ட வரிசை. தண்டனைக்குத் தலைகுனிவதைவிட, நியாயமான போரில் பலம் கேட்பதே மேலோங்கியது. அன்று மாலையே, பிரான்சின் டன்கிர்க் கரையில் சிக்கிய படைகளைக் கடல்வழியே மீட்கும் பணி தொடங்கி, ஜூன் 4க்குள் 3,38,226 வீரர்கள் கரை சேர்ந்தார்கள். ஜெபத்தின் பலன் என்று இன்றும் சொல்வோர் உண்டு. படகோட்டிகளை மறந்துவிட்டுச் சொல்வதுதான் எனக்கு ஒட்டவில்லை.

2020 மார்ச் 22. இம்முறை அழைத்தது அரண்மனை அல்ல, திருச்சபைத் தலைவர்கள். கொரோனாவால் பொது ஆராதனைகள் நின்றிருந்தன. இரவு 7 மணிக்கு ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வையுங்கள் என்றார்கள். நாட்டின் பாவத்தைப் பற்றி அந்த அழைப்பில் பேச்சில்லை. (அதே நாள் மாலை 5 மணிக்குத்தான் இந்தியாவில் மருத்துவ ஊழியர்களுக்கு நன்றியாகத் தட்டும் கரண்டியும் ஒலித்தன.) பிரிட்டனில் பலருக்கு நினைவில் நிற்பது அந்த மெழுகுவத்தியைவிட, அடுத்த வியாழன் தொடங்கிப் பத்து வாரம் இரவு 8 மணிக்கு வாசலில் நின்று மருத்துவ ஊழியர்களுக்குக் கைதட்டியதுதான். மறு ஆண்டு மார்ச்சில் அந்த ஊழியர்களுக்கு 1 சதவீத ஊதிய உயர்வை அரசு முன்மொழிந்தது. செவிலியர் சங்கம் கொதித்தெழுந்தது. ஜூலையில் அது 3 சதவீதமானது.