மாட்டுத்தோலுக்கு எண் 78107

ஜோலார்பேட்டையிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வரைக்கும் தோலைத் தொட்ட மாத்திரத்தில் ஆடா மாடா என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பண்டைய எகிப்தின் எழுத்தர்களும் இதில் கறார். ஆட்டுத்தோலுக்கு ஒரு சித்திர எழுத்து, மாட்டுத்தோலுக்கு வேறொன்று. முதலாவது, 'உள்ளே' என்ற சொல்லை எழுத உதவிய ஒலிக்குறி. மாட்டுத்தோலின் கதைதான் சுவாரசியம்.

தலை கிடையாது. விரித்துப் போட்ட தோல், ஓரத்தில் வளைந்து தொங்கும் வால், அவ்வளவுதான். செருப்பு என்று எழுதினால் கடைசியில் இது வரும், சரி. ஆனால் சிறுத்தை என்று எழுதினாலும் வரும், எலி என்று எழுதினாலும் வரும். எலிக்கு மாட்டுத்தோலா? எழுத்தர் அளவு பார்க்கவில்லை, இனம் பார்த்தார். இந்த இடத்தில் தோலை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. முன்னால் இருப்பது ஒரு விலங்கின் பெயர் என்று கண்ணுக்கு மட்டும் அது சொல்லும். உயிரொலிகளை எழுதாத, சொற்களுக்கு நடுவே இடமும் விடாத எழுத்துமுறையில் இப்படி ஒரு குறி இல்லாவிட்டால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்.

எகிப்தியல் அறிஞர் ஆலன் கார்டினர் 1927-இல் வெளியிட்ட எகிப்திய இலக்கண நூலில் இந்தக் குறிகளை வகை பிரித்து வரிசை எண் போட்டார். அதை அடித்தளமாக வைத்து, கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு 2009-இல் 1,071 சித்திர எழுத்துகளைச் சேர்த்தது. ஆட்டுத்தோல் 78106, மாட்டுத்தோல் 78107, புள்ளி போட்ட மாட்டுத்தோல் 78108. நம்முடைய 'அ' 2949. 65535-க்கு மேல் எண்ணத் தெரியாத பழைய மென்பொருள்களில் தோல் வராது, வெறும் கட்டம்தான் வரும். எழுத்துரு இல்லாத கணினியிலும் அதே கதி. எண் படமல்ல, வரைவது எழுத்துருவின் வேலை.

எகிப்தியர் குறிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியும் எழுதினார்கள். 'கெ' என்று தட்டும்போது கணினி ககரத்தை முதலில் வைத்துக்கொண்டு, கொம்பை அதற்கு முன்னால் வரைகிறதே, அதுபோல அடுக்கிக் காட்டவும் ஏற்பாடு வேண்டும். அதற்கான கட்டுப்பாட்டுக் குறிகள் 2019-இல்தான் வந்தன. 2024-இல் மேலும் 3,995 எழுத்துகள் சேர்ந்தன.

சிந்துவெளிக் குறிகளுக்கு யூனிகோடில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. படிக்கத் தெரியாதது மட்டும் அதற்குத் தடையல்ல. யாரும் படித்து முடிக்காத கிரீட் தீவின் பைஸ்டோஸ் வட்டுக்கு 2008-லேயே எண்கள் கொடுத்தாயிற்று. சிந்துவெளியில் குறிகள் எத்தனை என்பதே முடிவாகவில்லை. ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் 417 குறிகளைப் பட்டியலிட்டார். இன்னோர் ஆய்வாளரான அஸ்கோ பர்போலாவின் கணக்கு வேறு. எது தனிக் குறி, எது அதன் திரிபு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.