ஓலை வீட்டில், விலை சந்தையில்

பனையோலையில் பன்னவேலை செய்யும் பெண்களிடம் எந்த நேரத்தில் இழைப்பீர்கள் என்று கேட்டால் அநேகமாக இரண்டு பொழுதுகளைத்தான் சொல்வார்கள்: விடிய, பொழுதுபட. அந்த நேரங்களில்தான் ஓலை வளைந்து கொடுக்கும். வெயில் ஏறினால் முறுகி, மடிக்கிற இடத்தில் வெடிக்கும். சோளகக் காற்றுக் காலம் என்றால் இன்னும் மோசம். தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாலும் பதம் வெகுநேரம் நிற்காது. ஆனால் விடியவும் பொழுதுபடவும்தான் யாழ்ப்பாணத்து வீடுகளில் அடுப்பும் எரியவேண்டும். காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். பின்னேரம் ரியூசனால் வருகிற பிள்ளைக்குத் தேத்தண்ணி, இரவுக்குப் புட்டோ இடியப்பமோ. ஓலை கேட்கிற நேரத்தையே வீடும் கேட்கிறது.

இத்தனைக்கும் நடுவில் இந்தக் கைப்பணி தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. எந்த நிமிடத்திலும் கீழே வைத்துவிட்டு எழும்பலாம். சோறு பொங்கினாலும், பிள்ளை அழுதாலும், படலையடியில் யாராவது கூப்பிட்டாலும் போய்விட்டு வந்து, விட்ட இழையில் தொடரலாம். தறிக்கு முன்னால் இருப்பவருக்கோ தையல் மெசினில் இருப்பவருக்கோ இந்த வசதி இவ்வளவு இல்லை. சத்தகம் ஒன்று, வார்ந்த ஓலை ஒரு கட்டு, இருக்க ஒரு பாய், திண்ணை போதும். வீட்டோடு ஒட்டிக் கிடக்கும் இந்த இயல்பே வேலையின் பலம். அதன் விலையைக் கீழே இழுப்பதும் அதுதான். துண்டு துண்டாகப் போகிற நேரத்தை யாரும் எண்ணுவதில்லை, இழைக்கிறவரும் எண்ணுவதில்லை.

நீத்துப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூம்பாகக் கீழே கூர்ந்து மேலே விரியும் சின்னப் பெட்டி. மாவும் தேங்காய்ப்பூவும் குழைத்த புட்டை அதில் போட்டுப் பானை வாயில் வைத்தால், பின்னலின் இடுக்குகளால் நீராவி ஏறி அவியும். இழையை நெருக்கினால் ஆவி ஏறாது. இளக்கினால் மா சிந்தும். எவ்வளவு நெருக்கம் என்பது எந்த அளவுகோலிலும் இல்லை, விரல்களுக்குத்தான் தெரியும். ஓலையை ஈர்க்கு நீக்கி வார்வது, ஒரே அகலத்துக்குக் கிழிப்பது, கூரிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஏற்றுவது, விளிம்பை மடித்துக் கட்டி முடிப்பது என்று அத்தனையும் சேர்ந்த ஒரு பொருளைச் சந்தையில் கையில் எடுத்துப் பார்ப்பவர் கேட்கிற கேள்வி இது:

“அலுமினியத்தில வேண்டினா ஆயுளுக்கும் கிடக்கும். இது எத்தினை நாளைக்கு அம்மா? கொஞ்சம் குறைச்சுத் தாங்கோவன்.”

“அலுமினியத்தில இந்த வாசம் வருமே, பிள்ளை?”

பதில் சரிதான். ஓலையில் அவித்த புட்டின் மணம் தெரிந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஆனாலும் கடைசியில் விலை குறைகிறது. ஏனென்றால் விற்பவர் வீடு திரும்ப வேண்டும். மத்தியானத்துக்குள் பஸ் பிடிக்காவிட்டால் சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும். பேரம் பேசும்போது வாங்குபவரின் பக்கம் நேரமும் நிற்கிறது.

என்னைக் கேட்டால், குடும்பத்தையும் கைத்தொழிலையும் சமாளிப்பது பற்றிய பேச்சில் நாம் தவறவிடுகிற இடம் இதுதான். இழைப்பது வீட்டோடு போகும். விற்பது போகாது. அதிகாலையில் புறப்பட வேண்டும், இடம் பிடிக்க வேண்டும், ஆயம் கொடுக்க வேண்டும், வெயிலில் இருக்க வேண்டும், நாலு பேரோடு வாயாட வேண்டும். பயிற்சி வகுப்புகளும் சான்றிதழ்களும் இழைப்பைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. வடக்கில் பெண்களுக்குக் கைப்பணிப் பயிற்சி கொடுக்காத நிறுவனம் அரிது. பயிற்சி முடிந்த அடுத்த கிழமை அந்தப் பெண் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் இருப்பாள், அவளுடைய பிள்ளையை யார் பார்ப்பார் என்பதைக் கேட்டவர்கள்தான் குறைவு.

சந்தைகளுக்கு எங்கள் குடாநாட்டில் பஞ்சமில்லை. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி என்று வரிசையாகச் சொல்லலாம். ஆனால் அவை மரக்கறிக்கும் மீனுக்கும் தேங்காய்க்கும் ஏற்றபடி அமைந்தவை. வெங்காயமும் கத்தரிக்காயும் விடியவே கைமாறும். பத்து மணிக்குள் கூட்டம் வடிந்துவிடும். கடகமும் சுளகும் அப்படி விற்காதவை. காலையில் மரக்கறி வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அடுத்த கிழமை வாறன்” என்று போவார். பெரும்பாலான சந்தைகளில் ஓலைச் சாமான் வைத்திருப்பவர்களை ஓரத்தில், நடைபாதைக்குப் பக்கத்தில், நிழல் விலகிப்போகிற இடத்தில்தான் காணலாம். வெயில் பட்டால் சாயம் வெளிறும், ஓலை முறுகும் என்பதை நினைத்தாவது அந்த இடத்தை மாற்றிக் கொடுக்கலாம். இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நாள் முழுக்கச் சந்தையில் இருக்கிற பெண்ணுக்குக் கழிப்பறை வேண்டும். அது இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் போக்குவரத்தாவது இவர்களுக்கு இசைவாக இருந்தது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவானை நினைத்துப் பாருங்கள். மரத்தாலான உடல், பின்னால் திறந்த தட்டி. கடகமோ மூட்டையோ தேங்காய்க் குலையோ எதையும் கட்டலாம். சந்தைக்குப் போகிற பெண்கள்தான் அதன் நிரந்தரப் பயணிகள். இன்று அது விழாக்களில் அலங்காரத்துக்கு நிற்கிற பழம்பொருள். மினிபஸ்ஸில் பெரிய கடகக் கட்டோடு ஏறினால் நடத்துநர் முகம் சுளிப்பார். முச்சக்கரவண்டிக்குக் கொடுத்தால் அன்றைய லாபத்தில் பாதி போய்விடும். கடகத்தைக் கைவிட்டுச் சின்னப் பெட்டிகளுக்குப் பலர் மாறியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு தோள்பையில் அடங்குகிற சாமானைத்தான் தனியே போகிற பெண் கொண்டுபோக முடியும்.

வாங்குபவர்களும் மாறிவிட்டார்கள். கடகம், சுளகு, திருகணை, பாய், பட்டை எல்லாம் வயலும் தோட்டமும் குசினியும் தினமும் கேட்ட பொருட்கள். துலா போய் மெசின் வந்ததும் இறைக்கிற பட்டை போனது. பிளாஸ்ரிக் கூடை வந்ததும் கடகம் ஒதுங்கியது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வெளியிலிருந்து சாமான் வராதபோது குடாநாடு மறுபடி பனையிடம் திரும்பியது; பனங்களியில் உடுப்புத் தோய்த்த நாட்கள் அவை. அதே போரில்தான் பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கணக்கின்றி வெட்டப்பட்டன. 2006 ஓகஸ்ரில் ஏ9 பாதை மூடப்பட்டபோது தெற்கே சாமான் அனுப்பும் வழியும் அடைபட்டது. 2009க்குப் பிறகு பாதை திறந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. தெற்கிலிருந்து வருபவர்களும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற எங்கள் சனமும் இன்று முக்கியமான வாடிக்கையாளர்கள். அவர்கள் கேட்பது சூட்கேசில் வைக்கக்கூடியவை: மூடுபெட்டி, கைப்பை, தொப்பி, விசிறி, ஒடியலும் பனங்கட்டிக் குட்டானும் போட்டுக்கொண்டு போக ஒரு சின்னப் பெட்டி.

அவர்கள் வருவது ஆடி, ஆவணியில். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். அதைத் தொட்டாற்போல் செல்வச்சந்நிதி, பிறகு வல்லிபுரம். வருட வருமானத்தின் பெரும்பங்கு இந்தக் காலத்தில் வரவேண்டும். ஆனால் திருவிழாக் காலம் வீட்டுக்கும் சோலி கூடிய காலம். விரதம், மச்சம் தவிர்த்த சமையல், வருகிற விருந்தினர், கோவிலுக்குப் போக்குவரவு. இரவு பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில்தான் வியாபாரம் சூடுபிடிக்கும். தனியே வருகிற பெண் அந்த நேரத்தில் வீடு திரும்பவேண்டியவள். வீதியில் கடை போட இடம் எடுப்பதற்கும் காசு வேண்டும். ஆகவே பலர் சாமான்களைக் கடைக்காரருக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர் வைக்கிற விலைக்கும் இழைத்தவர் கையில் வந்த காசுக்கும் உள்ள தூரத்தை அந்தப் பெண்கள் நன்றாக அறிவார்கள். அறிந்துதான் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அந்தத் தூரம் அவர்கள் வீட்டில் இருக்கக் கொடுக்கிற விலை.

ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினால் ஓலை காயாது. இழைத்து வைத்ததிலும் பூஞ்சணம் பிடிக்கும். தைப்பொங்கலுக்கான சாமானை மாரிக்கு முன்பே செய்து, அடுப்புப் புகை படுகிற இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். காசு வருவது இரண்டு மூன்று மாதங்களில். செலவு வருடம் முழுக்க.

இந்த இடத்தில்தான் கடன் நுழைந்தது. போருக்குப் பிறகு வடக்கில் பரவிய நுண்கடன் நிறுவனங்கள், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சொந்தத் தொழிலுக்கென்று காசு கொடுத்தன. தவணை கிழமைக்குக் கிழமை. திருவிழாவை நம்பி இழைக்கிற ஒரு பெண்ணுக்குக் கிழமைக் கணக்கில் வருமானம் எங்கிருந்து வரும்? குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்பதால் அயலட்டைக்குள்ளேயே மனக்கசப்பு. தவணை வாங்க வருபவர் படலையடியில் நிற்கும்போது வீட்டுக்குள் பதுங்கிய பெண்களின் கதை வடக்கில் யாருக்கும் புதிதல்ல. பெண்கள் வீதிக்கு இறங்கிப் போராடிய பிறகு, 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்குச் சில நிபந்தனைகளோடு நிவாரணம் அறிவித்தது. வருட வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வைத்தது. 35 வீதம் என்பது கட்டுப்படுத்தப்பட்ட வட்டி என்றால், அதற்கு முந்தியதை யோசித்துப் பாருங்கள்.

இலங்கையில் ஏறக்குறைய நாலு குடும்பங்களில் ஒன்று பெண் தலைமைத்துவக் குடும்பம். போர் நடந்த மண்ணில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இறந்த கணவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் இழைப்பு கைச்செலவுக்குச் செய்கிற பொழுதுபோக்கு ஆகாது. வெங்காயத் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போனால் கூலி ஆணுக்குக் குறைவாகக் கிடைத்தாலும் நாள் முடிவில் கையில் கிடைக்கும். வீட்டில் முதியவரோ நோயாளியோ சின்னப் பிள்ளையோ இருப்பதால் அதற்கும் போகமுடியாதவர்களே ஓலையோடு இருக்கிறார்கள். ஆகவே ஒரு பெட்டிக்கு விலை வைக்கும்போது ஓலைக்குக் கொடுத்தது, பனை ஏறியவருக்குக் கொடுத்தது, சாயம், விறகு, பஸ் காசு ஆகியவற்றோடு தோட்டக் கூலியின் கணக்கில் தன் நேரத்தையும் கூட்டவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “அப்பிடி வைச்சா ஆர் வேண்டுவினம்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குத் தெரிந்து குறைத்து விற்பதும் கணக்கே தெரியாமல் விற்பதும் ஒன்றல்ல. எந்தப் பொருளை இனி இழைக்கக் கூடாது என்பதை அந்தக் கணக்குத்தான் சொல்லும்.

1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை பயிற்சியும் கொடுக்கிறது, ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களும் நடத்துகிறது. நல்ல விடயம். காலமும் கொஞ்சம் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. 2017 செப்ரெம்பரில் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பரிலிருந்து கடைகளில் ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. பைக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும் என்று சனம் பழகிவருகிற இந்த நேரத்தில், ஓலைப்பையும் உமலும் சந்தை வாசலிலேயே கிடைக்க வேண்டும். பிரதேச சபைகள் கிழமையில் ஒரு நாள், பின்னேரம் மூன்று மணி தொட்டு ஆறு மணி வரை, சந்தைக் கட்டடத்தின் நிழலான பகுதியை ஆயம் வாங்காமல் கைப்பணிப் பெண்களுக்கு விடலாம். மரக்கறிச் சந்தை ஓய்ந்த பிறகு அந்த இடம் சும்மாதான் கிடக்கிறது. பின்னேரம் என்றால் பிள்ளைகளையும் கூட்டிவரலாம். வேலை முடிந்து வீடு திரும்புகிற உத்தியோகத்தரும் வாங்குவார்.

கைத்தொலைபேசியில் படம் போட்டு விற்கிற இளம் பெண்கள் கூடிவருகிறார்கள். சந்தைக்குப் போகிற நேரம் மிச்சம்தான், ஆனால் இரவு பதினொரு மணிக்கும் “என்ன விலை?” என்று செய்தி வரும், உடனே பதில் போடாவிட்டால் வாங்குபவர் வேறிடம் போய்விடுவார். சில ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் முறைவைத்துச் சந்தைக்குப் போகிறார்கள். ஒருவர் எல்லாருடைய சாமானையும் கொண்டுபோவார். மற்றவர்கள் அவருடைய பிள்ளைகளைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் இழைத்தவரின் அடையாளமாக ஒரு நிற இழை இருக்கும், காசு பிரிக்கும்போது சண்டை வராது. சொந்தக்காரர் இல்லாத இடத்தில் விலையை எவ்வளவு குறைக்கலாம் என்பதை மட்டும் புறப்படமுன்பே பேசி முடிக்க வேண்டும்.

இப்படிச் சேர்ந்தவர்களால்தான் கலியாண வீட்டுப் பெரிய ஓடர்களை எடுக்க முடிகிறது. தாம்பூலப் பெட்டி நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க, ஒருவர் இழைத்த மாதிரியை மற்றவர்கள் பக்கத்தில் வைத்து இழைக்க வேண்டும். அப்படிப் பெட்டி சொல்ல நினைக்கிற வாசகர்களுக்கு இரண்டு விபரம். நாள் வைத்தவுடனேயே சொல்லுங்கள், ஏனென்றால் கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சொன்னால் அந்த வீடுகளில் இரவு நித்திரை இராது. பாதிக் காசை முற்பணமாகக் கொடுங்கள்; ஓலைக்கும் பனை ஏறுபவருக்கும் அன்றே காசு கட்டவேண்டும்.