எந்த நூற்றுக்கு எத்தனை?

(இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல், புள்ளியியல்)

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, "என்ன படிப்பும்மா?" என்று அப்பா கேட்டார். "புள்ளியியல்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "எண்ணுகிற படிப்பு" என்று சொல்லி வைத்தேன். "எண்ணுறதுக்கா காலேஜு?" என்று சிரித்தார். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. நெல் மண்டியில் மூட்டை இறக்குபவர் அவர். பொன்னி எத்தனை, குண்டு எத்தனை என்று சுவரில் கரியால் நான்கு கோடு இழுத்து, ஐந்தாவதைக் குறுக்கே போடுவார். முதலாண்டில் 'நேர்க்கோட்டுக் குறிகள்' என்று பேராசிரியர் கரும்பலகையில் வரைந்தபோது, எனக்கு அந்த மண்டிச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

உயரம், எடை, மதிப்பெண் ஆகியவற்றுக்குச் சராசரி காண்கிறோம். ஆண், பெண் என்பதற்கும், பொன்னி, குண்டு என்பதற்கும் சராசரி ஏது? இவை பண்புகள். வகை பிரித்து எண்ணத்தான் முடியும். எண்ணியதை வட்ட விளக்கப்படமாக வரைந்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவது எளிது. (பாகைமானி வைத்துப் பிரித்து வண்ணம் தீட்டும் நேரத்தில் ஒரு பாடமே படித்துவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.) இரண்டு பண்புகளை ஓர் இருவழி அட்டவணையில் வைத்து ஒப்பிடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973 ஆம் ஆண்டு நடந்த மேற்பட்டப் படிப்புச் சேர்க்கையைப் பாருங்கள். விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர். அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேர். 35 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தற்செயலாக வராது. இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பிக்கெல், ஹாமெல், ஓ'கானல் என்னும் மூவர் இதை ஆராய்ந்து 1975 இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். யாருக்கு இடம் என்று முடிவு செய்தவை அந்தந்தத் துறைகள். எனவே துறை துறையாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிகப் பெரிய ஆறு துறைகளின் கணக்கு, பெயர் இல்லாமல் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளோடு, இன்றும் பாடநூல்களில் வருகிறது. அதை நானே ஒரு முறை போட்டுப் பார்த்தேன்.

ஏ துறையில் இடம் பெற்ற ஆண்கள் 512, பெண்கள் 89. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அநியாயம் என்போம். ஆனால் விண்ணப்பித்த ஆண்கள் 825 பேர், பெண்கள் 108 பேர். அப்படியானால் ஆண்களில் நூற்றுக்கு 62, பெண்களில் நூற்றுக்கு 82! இடம் பெற்ற 601 பேரில் பெண்கள் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் 15 என்று விடை வரும். அதுவும் சரியான விடைதான், கேள்வி வேறு. எதை நூறாகக் கொள்கிறோம் என்பதைச் சொல்லாமல் விழுக்காட்டைச் சொல்வது, முகவரி எழுதாத கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது போன்றது.

பி துறையில் ஆண்கள் 63, பெண்கள் 68. டி, எஃப் துறைகளிலும் பெண்கள் சற்று மேலே. சி, இ இரண்டில் மட்டும் ஆண்கள் மூன்று நான்கு விழுக்காடு கூடுதல். ஆனால் ஆறையும் கூட்டுங்கள்: ஆண்கள் 2,691 பேரில் 1,198, பெண்கள் 1,835 பேரில் 557. நூற்றுக்கு 45, நூற்றுக்கு 30! நான் கூட்டலில் பிழை என்று எண்ணி மூன்று முறை போட்டேன். பிழை இல்லை.

மருமம் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஏ, பி இரண்டும் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு 60க்கு மேல் சேர்த்துக்கொண்ட துறைகள். அந்த 2,691 ஆண்களில் 1,385 பேர், பாதிக்கு மேல், அங்கேதான் விண்ணப்பித்தார்கள். பெண்களில் 133 பேர் மட்டுமே. மற்றப் பெண்கள் எல்லாரும் நெரிசல் மிகுந்த துறைகளின் வாசலில் நின்றார்கள். எஃப் துறையில் 714 பேர் கேட்டு 46 பேருக்குத்தான் கிடைத்தது.

பிரித்தால் ஒன்று, சேர்த்தால் வேறு என்னும் இந்த விந்தையை 1951 இல் சிம்ப்சன் எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறார்கள். அவருக்கு முன்பே, 1903 இல், யூல் இதைச் சுட்டியிருக்கிறார். பண்புகளின் தொடர்பு பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிற கெழுவுக்கு உரிய அதே யூல்தான்.

அப்படியானால் பெண்களுக்குக் குறையே இல்லை என்று முடித்துவிடலாமா? நண்பர் ஒருவர் அப்படித்தான் வாதிட்டார். நான் ஒப்பவில்லை. கட்டுரை எழுதிய மூவரும் அப்படி முடிக்கவில்லை. துறைகள் பெண்களுக்கு எதிராக நடந்ததாகக் கணக்குக் காட்டவில்லை. ஆனால் நெரிசலும் பணக்குறைவும் உள்ள துறைகளை நோக்கிப் பெண்களை வளர்ப்பும் பள்ளிப் படிப்பும் முன்பே திருப்பிவிடுகின்றன என்றார்கள். துறைவாரி அட்டவணை அந்த இடத்தைக் காட்டாது. அது விண்ணப்பம் வந்த பிறகுதானே எண்ணத் தொடங்குகிறது!

நான் படித்த பெண்கள் பள்ளியில் மேல்நிலையில் கணிதப் பிரிவு கிடையாது. கணிதம் வேண்டுமென்றால் பேருந்து ஏறி வேறு ஊருக்குப் போக வேண்டும். அப்பா பஸ் பாஸ் வாங்கித் தந்தார், போனேன். என்னோடு பத்தாம் வகுப்பு முடித்த தோழிகளில் வேறு யாரும் வரவில்லை. இன்று நம் துறைக்கு விண்ணப்பித்த பெண்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கணக்கு எடுத்தால், அந்தத் தோழிகள் எந்தக் கட்டத்திலும் விழ மாட்டார்கள்.

மேல்நிலையில் எந்தப் பிரிவு, இங்கே எந்தத் துறை, ஆணா பெண்ணா என்று மூன்று பண்புகளை வைத்து நம் கல்லூரி மாணவர்களிடமே ஓர் அட்டவணை எடுக்கப் பேராசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வினாத்தாளோடு உங்கள் வகுப்புக்கும் வருவேன். "முதலில் விரும்பிய துறை எது?" என்றும் ஒரு கேள்வி அதில் இருக்கும், உண்மையை எழுதுங்கள்.