காரைத் தாழ்த்தும் முன்: ஸ்பிரிங்கும் ஷொக்கும்

பழைய லான்சரையோ சிவிக்கையோ நிலத்தோடு ஒட்டினாற்போல் இறக்கி ஓட்டும் ஆசை கொழும்பில் புதிதல்ல. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த காரையே திருத்தி அழகு பார்த்தவர்கள் பலர். அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால் எண்ணெய் பவுசர்கள் ஓடும் கொலன்னாவை வீதிகளில் ஓட்டுபவர், இறக்கிய பிறகு சக்கரம் மேலெழ எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சக்கரம் மேலெழ 80 மில்லிமீற்றர் இருந்த காரை 40 இறக்கினால் பாதிதான் மிச்சம். குழியும் வேகத்தடையும் குறையவில்லையே. ஸ்பிரிங்கைப் பழைய விறைப்போடு விட்டால், ஐந்து பேர் ஏறியதும் ஒவ்வொரு மேட்டிலும் பம்ப் ஸ்டொப் றப்பரில் இடிக்கும். ஆகவே தாழும் ஸ்பிரிங் விறைத்ததாகவும் இருக்க வேண்டும்.

சில கராஜ்களில் கிறைண்டரால் ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். பாதி இடத்தை இழந்த காருக்கு அது போதாது. வெட்டிய முனை ஸ்பிரிங் அமரும் இடத்தில் சரியாகப் பொருந்தாது. ஜாக் போட்டால் ஸ்பிரிங் கழன்று ஆடும். சூடாக்கி அமுக்குவது இன்னும் மோசம்: இரும்பின் பதமே போய்விடும். தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கில் கம்பியே தடிப்பாக இருக்கலாம். கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் ஏறும்.

இதோடு வேலை முடிவதில்லை. ஸ்பிரிங் வாங்கிய அதிர்வைத் திருப்பித் தள்ளும்; அதைச் சூடாக மாற்றிக் கரைப்பது ஷொக்கிலுள்ள எண்ணெய். ஸ்பிரிங் 40 சதவீதம் விறைத்தால் ஷொக்கின் பிடிப்பும் ஏறத்தாழ 18 சதவீதம் கூட வேண்டும். இல்லாவிட்டால் கார் மேட்டைத் தாண்டியும் துள்ளிக்கொண்டே போகும். உயரம் குறைந்த காருக்கு உடல் குட்டையான ஷொக் தேவை. பழைய ஷொக்கின் தண்டு எந்நேரமும் அடிப்பக்கமாகவே வேலை செய்து சீக்கிரம் தேயும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில், ஜப்பானில் பாவித்த ஸ்பிரிங் வாங்கினால் மாடல் பெயர் மட்டும் ஒத்துப்போவது போதாது. எஞ்சின் பாரமும் ஒத்துப்போக வேண்டும். ஷொக்கில் எண்ணெய் கசிந்த ஈரம் இருந்தால் வேண்டாம்.

லான்சரின் முன்பக்கத்தில் இருப்பது மக்பேர்சன் ஸ்ட்ரட். அதிகம் தாழ்த்தினால் கீழ்க் கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரியும். வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், காரின் பாரமையத்தைவிட வேகமாக இறங்கும். விறைத்த ஸ்பிரிங் இல்லாவிட்டால் தாழ்ந்த கார் வளைவில் முன்னைவிடக் கூடச் சாயும்.

வெள்ளமும் கணக்கில் வர வேண்டும். 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவையில் வீடுகளே மூழ்கின. எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயும் காரோடு சேர்ந்தே கீழே இறங்குகிறது. என் எண்ணத்தில் இந்தப் பகுதிக்கு 25, மிஞ்சினால் 30 மில்லிமீற்றர் போதும். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தொகுதியாக வாங்க வேண்டும். பூட்டிச் சில நாள் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். தவறினால் புதிய டயரின் உட்பக்கம் தேய்ந்துவிடும்.