பி.டி. பீரியடுக்கு செல்போன் எடுத்துட்டு வாங்க!

கிளாஸில் செல்போனை வெளியே எடுத்தால் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆனா, கிரவுண்டில் அதே செல்போன் பி.டி. சாருக்கு வலது கையாக இருக்க முடியும். எப்படின்னு கேட்கறீங்களா? முதல்ல ஒரு கிரிக்கெட் கதை.

1995, மெல்போர்ன் டெஸ்ட். முத்தையா முரளிதரன் பந்து வீச வீச, அம்பயர் டேரல் ஹேர் 'நோ பால்' கொடுத்துக்கிட்டே இருந்தார். மொத்தம் ஏழு தடவை. 'கையை மடக்கி எறிகிறார்' என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருடம் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முரளியைக் கேமராக்கள் முன்னால் பந்து வீசவைத்து ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே முழுசா நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. அதனால்தான் எறிவது மாதிரி தெரியுதுன்னு முடிவு வந்தது. பிறகு வந்த ஆய்வுகளில், 'சுத்தமான ஆக்‌ஷன்' என்று பெயர் எடுத்த பல பவுலர்களின் முழங்கையும் கொஞ்சம் நிமிர்வது தெரிந்தது. 2005-ல் ஐ.சி.சி., 15 டிகிரி வரை ஓகே என்று விதியையே மாற்றியது.

அம்பயர் கண்ணுக்கே இந்தக் கதி என்றால், நம்ம கண் எந்த மூலைக்கு?

லாங் ஜம்ப்பை எடுத்துக்குங்க. பலகையில் உங்க கால் இருப்பது சுமார் 0.12 நொடி. சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம் எடுக்கும். அந்தக் கணத்துக்கு மூணு, நாலு படம்தான் மிஞ்சும். ஸ்லோமோஷனில் 240 வைத்தால் கிட்டத்தட்ட 29 படம்! முட்டி மடங்குதா, பார்வை தரையைப் பார்க்குதா, எல்லாம் அம்பலம்.

செய்முறை ரொம்ப சிம்பிள். போனை ஸ்டாண்டில், பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வையுங்க. உடம்பு முழுக்க ஃபிரேமில் வரணும். குதிச்ச உடனே சாரோடு உட்கார்ந்து பாருங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு தப்பை மட்டும் திருத்துங்க. கோணம் அளக்க ஆசையா? 'கினோவியா' என்ற சாஃப்ட்வேர் கம்ப்யூட்டருக்கு இலவசமாகவே கிடைக்குது. ஆனா, ஒத்தை கேமராவை வெச்சு நண்பனோட பவுலிங்குக்குத் தீர்ப்பு எழுதிடாதீங்க. அந்த டெஸ்ட்டுக்குப் பல கோணத்தில் பல கேமரா வேணும்.

இன்னொரு விஷயம்: அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீங்க. வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க. விழுந்த வீடியோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனால், அந்த ஆள் திரும்ப கிரவுண்டு பக்கமே வரமாட்டார்.

ஏன்னா, இந்த டெக்னாலஜி கப் ஜெயிக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை. 'எனக்கு ஸ்போர்ட்ஸ் வராது சார்' என்று மரத்தடியில் ஒதுங்குறாங்களே, அவங்களுக்குத்தான் இது முக்கியம். பக்கத்தில் குதிச்சவனோடு ஒப்பிட்டால் மனசு சுருங்கும். போன வாரத்து தன்னோட வீடியோவோடு ஒப்பிட்டால், 'அட, தேறிட்டோமே!' என்று ஒரு சிரிப்பு வரும்.

ஆனா ஒண்ணு... படத்தை போன் காட்டும். எதைத் திருத்தணும்னு சார் சொல்வார். குதிக்க வேண்டியது நீங்கதான், பாஸ்!