சுற்றுலாவில் பாம்புக்கடி: எங்கே செல்வது, எதைக் கேட்டு வாங்குவது

கோடை விடுமுறையில் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ கிளம்பும் குடும்பங்களிலும், காட்டோரத்துக் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து இரவு தங்கி வரும் குடும்பங்களிலும், பாம்பைப் பற்றிய அச்சம் மூட்டை கட்டும்போதே பேச்சில் வந்துவிடுகிறது. அச்சம் தவறானதன்று, ஆனால் அது காட்டப்பட வேண்டிய இடத்தில் காட்டப்படுவதில்லை. பகலில் மலைப்பாதையில் அடிக்கு அடி பார்த்து நடப்பவர்கள், இரவில் தங்குமிடத்தின் வெறுந்தரையில் குழந்தைகளை வரிசையாகப் படுக்க வைக்கின்றனர். கடி நேர்ந்துவிட்டால், கயிற்றால் இறுகக் கட்டுவதிலும், பாம்பைத் தேடி அடிப்பதிலும், வேர் அரைத்துக் கொடுப்பவரை விசாரிப்பதிலும் முதல் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கின்றனர். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் உயிர் போவதற்கு, நஞ்சின் வேகத்தோடு மனிதர் செய்யும் தாமதமும் சேர்ந்தே காரணமாகிறது.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். 2030-க்குள் இந்த எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதென 2024-இல் ஒன்றிய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை 'அறிவிக்கை செய்யப்பட்ட நோய்' ஆக்கியது. தனியார் மருத்துவமனையாயினும் தன்னிடம் வரும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது இதன் பொருள். பதிவேட்டில் ஏறாத கடிக்கு மருந்து ஒதுக்கீடும் கிடைக்காது என்பதால் இது முக்கியமான மாற்றம்.

தமிழ்நாட்டில் மனித உயிருக்குப் பெரும் ஆபத்து விளைவிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. சாரை, தண்ணீர்ப் பாம்பு, பச்சைப் பாம்பு போன்றவற்றால் உயிராபத்து இல்லை. ஆயினும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனையும் கொடிய கட்டுவிரியனையும் பழகிய கண்களே மாற்றிப் பார்த்துவிடுவதுண்டு என்பதால், "இது விஷமில்லாப் பாம்பு" என்று வழிப்போக்கர் சொல்லும் சொல்லை நம்பி எவரும் அறைக்குத் திரும்பிவிடக் கூடாது. நீர்நிலைகளில் அச்சம் வேறு வகையானது: அமராவதி அணை, சாத்தனூர், ஒகேனக்கல், கொள்ளிடம் ஆகிய இடங்களில் சதுப்பு முதலைகள் இயல்பாக வாழ்கின்றன. அங்கே எச்சரிக்கைப் பலகை நட்ட இடத்தில் குளிப்பதும், அணைக்கரையில் குந்திப் பாத்திரம் கழுவுவதும், பலகையில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு அதே நீரில் பிள்ளைகளை இறக்குவதும் மன்னிக்க முடியாத அலட்சியம்.

கட்டுவிரியனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இப்பாம்பு இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரின் படுக்கைக்குள் புகுந்து, அவர் உறக்கத்தில் புரளும்போது கடிக்கும். அதன் பல் மிகச் சிறியது. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று குழந்தை எழும். முந்தைய நாள் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்து சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அதற்குள் இமைகள் சரியத் தொடங்கி, விழுங்க முடியாமல், பேச்சுக் குழறி, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். தரையில் உறங்கி எழுந்தவருக்குக் காரணமின்றி வயிற்றுவலியும் இமைச் சரிவும் ஏற்பட்டால், கடித்தடம் இல்லாவிட்டாலும் அதைப் பாம்புக்கடியென்றே கருதி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தடுப்பு முறையோ மிக எளியது: கட்டிலில் படுப்பது, கட்டில் இல்லையெனில் கொசுவலையைப் பாயின் அடியில் நான்கு பக்கமும் செருகிவிட்டுப் படுப்பது, இரவில் கழிப்பறைக்குச் செல்லும்போது செருப்பும் கைவிளக்கும் இன்றி இறங்காமலிருப்பது, காலையில் காலணியை உதறிவிட்டு அணிவது. மிச்ச உணவை வாசலில் கொட்டினால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கடி நேர்ந்தால் செய்ய வேண்டியவை சிலவே. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் ஒரு மட்டை வைத்துத் தளர்வாகத் துணி சுற்றி அசையாமல் வைக்க வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். மலைப்பாதையில் அவசர ஊர்தி வர நேரமாகும் எனில், இருக்கும் வாகனத்தில் கிளம்பி, ஊர்தியை வழியில் சந்திப்பதாகச் சொல்லலாம். செய்யக் கூடாதவற்றுள் முதலாவது கட்டுப் போடுவது. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும்; விரியன் வகை நஞ்சு ஓரிடத்தில் தேங்கித் தசையை அரிக்கும்; மருத்துவமனையில் கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒரே வீச்சில் உடலெங்கும் பரவும். அறியாமல் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல், மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்கவிட வேண்டும். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், பனிக்கட்டி வைப்பதும் இதே தீமையைச் சேர்ந்தவை. திரைப்படங்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்ததை மறக்கடிப்பது கடினம் என்பதால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது: கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது.

பாம்பைப் பிடித்துக்கொண்டோ அடித்துக்கொண்டோ வர வேண்டிய தேவையும் இல்லை. இந்தியாவில் வழங்கப்படும் விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் எடுக்கப்படும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து இம்மருந்து செய்யப்படுகிறது. குதிரையின் புரதம் என்பதால் சிலருக்கு இது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே இது பயணப்பையில் வைத்துக்கொண்டு வீட்டார் போடக்கூடிய ஊசியன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டப் பகுதிகளில் வாழும் கூம்பு மூக்குக் குழிவிரியனின் நஞ்சை இம்மருந்து முறிப்பதில்லை. அங்கே கடிபட்டவருக்கு இரத்தம் உறைதலையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணிக்கும் வசதி தேவைப்படுவதால், பாம்பின் படம் தொலைவிலிருந்து எளிதாகக் கிடைத்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. படம் எடுப்பதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவமனையைத் தேர்வதில்தான் வெளியூர்க்காரர்கள் மிகுதியாகத் தடுமாறுகின்றனர். விஷமுறிவு மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனையே முதல் இலக்கு. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ பெரிய மருத்துவமனை இருக்கிறதென்று, வழியில் உள்ள வட்டத் தலைமையிட அரசு மருத்துவமனையைத் தாண்டி மூன்று மணி நேரம் ஓட்டுவது உயிரோடு ஆடும் சூதாட்டம். நஞ்சேறிய அறிகுறி தென்பட்டால் முதல் தவணை மருந்தை அங்கேயே செலுத்திவிட்டு, அதன் பிறகு செயற்கைச் சுவாசக் கருவி உள்ள இடத்துக்கு அனுப்புவதே முறை. தனியார் மருத்துவமனையே அருகில் இருக்குமாயின், முன்பணம் கேட்டோ 'போலீஸ் கேஸ்' என்று சொல்லியோ வாசலில் திருப்பியனுப்ப அதற்கு உரிமையில்லை. உயிர்காக்கும் முதல் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமையென்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

சேர்ந்தவுடன் நடக்க வேண்டியது '20 நிமிட உறைதல் சோதனை'. 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால், உறையாமல் ஓடும் இரத்தம் விரியன் நஞ்சைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்குவதால் இச்சோதனையில் அகப்படாது; இமையையும் பேச்சையும் மூச்சையும் பார்த்தே அதை அறிய வேண்டும். தொடக்கத் தவணை வழக்கமாக 10 குப்பி அளவில் அமையும். பாம்பு ஆளின் எடையைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை என்பதால் குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. "பிள்ளைக்கு இவ்வளவு மருந்தா" என்று பெற்றோர் தடுப்பதும், அதைக் கேட்டு அளவைக் குறைப்பதும் ஒருசேரத் தவறு. அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். அறை வாடகையும் தொடர்வண்டிச் சீட்டும் வீணாகின்றன என்று கையொப்பமிட்டு வெளியேறுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது தரப்படும் பரிந்துரைச் சீட்டில் பல இடங்களில் "பாம்புக்கடி, மேல்சிகிச்சைக்கு" என்ற ஒற்றை வரி மட்டுமே இருக்கிறது. அடுத்த மருத்துவர் தொடக்கத்திலிருந்து தேடத் தொடங்கி அரை மணி நேரம் இழக்க இந்த ஒரு வரியே காரணமாகிறது. கடித்த நேரம், வந்த நேரம், உறைதல் சோதனையின் முடிவு, செலுத்திய குப்பிகளின் எண்ணிக்கையும் நேரமும், ஒவ்வாமை ஏற்பட்டதா என்ற விவரம், கொடுத்த பிற ஊசிகள் ஆகியவை சீட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று உடன் செல்பவர் பார்த்து, இல்லையெனில் கேட்டு எழுதி வாங்க வேண்டும். எழுதித் தருவது மருத்துவமனையின் கடமை. அதைச் சலுகைபோல் கருதிக் கெஞ்ச வேண்டியதில்லை. மருந்து இல்லை என்று சொல்லப்பட்டால், அந்தச் சொல்லையே சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு, 104 எண்ணில் முறையிடலாம். ஆனால் முறையீடு வண்டி நகர்ந்த பிறகே நடக்க வேண்டும்.

அடுத்து முக்கியமான காகிதம் விபத்துப் பதிவேட்டின் நகல். மருத்துவமனைகளில் இதை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். உயிரிழப்பு நேரும்போது, துயரத்தில் இருக்கும் குடும்பம் உடற்கூறாய்வு வேண்டாமென்று உடலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவதும், ஆறு மாதம் கழித்து வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் சான்று கேட்கும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. விலங்கினால் நேர்ந்த மரணத்தைக் காவல் துறை விசாரித்து அறிக்கை தர வேண்டுமென்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு சொல்கிறது; ஆகவே நிகழ்விடத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பின்னர் உடற்கூறாய்வு அறிக்கையையும் பெற வேண்டும். இறப்புச் சான்றிதழ் சொந்த ஊரில் கிடைக்காது. மரணம் நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடமே, 21 நாளுக்குள், ஆதாரில் உள்ளவாறே பெயர் எழுதப்படுகிறதா என்று பார்த்துப் பதிய வேண்டும்.

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ளவர் விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். பாம்புக்கடியும் இதில் விபத்தே. இத்தகைய மரணத்தில் காரணத்தை உடனடி மருத்துவமனைப் பதிவால் மெய்ப்பிக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. அந்தப் பதிவில் 'பாம்புக்கடி' என்ற சொல் இல்லாமல் 'மூச்சுத்திணறல்' என்று மட்டும் இருந்தால் கோரிக்கை தடைபடும். எனவே சேர்க்கும்போதே கடி நேர்ந்த இடத்தையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். கோரிக்கைப் படிவத்தை 30 நாளுக்குள் கணக்குள்ள வங்கிக் கிளையில் கொடுப்பது பாதுகாப்பானது. முதலை தாக்கிய நிகழ்வெனில் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைக்க வேண்டும்.

தங்குமிடத்துக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். அடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், அடிக்கப் போனவரே கடிபடுவதும் வழக்கம். சுற்றுலாத் தலங்களில் பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கக் காசு வாங்குவோரிடம் பிள்ளைகளை ஒப்படைப்பதும், வழியில் கண்ட நட்சத்திர ஆமையை வீட்டுக்குக் கொண்டுவருவதும் இதே சட்டத்தில் சிக்கவைக்கும்.

அறை முன்பதிவு செய்யும்போது வெந்நீர் உண்டா, வண்டி நிறுத்த இடமுண்டா என்று கேட்பவர்கள், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்ற இரண்டையும் கேட்பதில்லை. விடுதி நடத்துவோரும் இதை எழுதி வைப்பதில்லை. வைக்கச் சொல்ல வேண்டிய உள்ளாட்சி அலுவலர்களும் உரிமக் கட்டணத்தோடு வேலையை முடித்துக்கொள்கின்றனர். ஆகவே பயணம் கிளம்புமுன் அந்த மருத்துவமனைக்கே தொலைபேசியில் பேசி மருந்து இருப்பில் உள்ளதா என்று கேட்டு, அதன் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வண்டி ஓட்டுபவரிடமும் குழந்தைகளோடு இருக்கும் பெரியவரிடமும் ஒவ்வொரு படி கொடுத்துவிடுங்கள்.