இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் நாக்கு நீண்டுவிட்டதா?

உடம்பு பெருத்தவரைப் பார்த்தால் நம் ஊரில் முதலில் வருகிற அறிவுரை, “வாயைக் கட்டு” என்பதுதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் நாக்கு நீண்டுவிடவில்லை. சாப்பாடும் வேலையும்தான் மாறின.

பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் போய்ப் பாருங்கள். காடெல்லாம் மக்காச்சோளம். அதில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்குப் போகிறது. வரகும் கம்பும் சுருங்கியதும் வீட்டு அடுப்பில் காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியே ஏறிக்கொண்டது. ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம்; பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். பசியைத் தீர்த்த திட்டம் அது, குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் காய்க்கும் முட்டைக்கும் கணக்குப் பார்க்கிற வீட்டில் தட்டை நிரப்புவது சோறுதான். களையெடுப்புக்கு மருந்து, அறுவடைக்கு இயந்திரம், அடுத்த தெருவுக்கும் பைக் என உழைப்பும் குறைந்துவிட்டது. சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்குத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் பசி கூடும்.

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கல்லீரல் கொழுப்பு வரும் வாய்ப்பு அதிகம். 30 வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கே வந்தும் பார்ப்பார்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சாதாரணக் கோலா 100 மில்லியில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு 250 மில்லி பாட்டிலிலேயே ஒருநாள் அளவு முடிந்துவிடும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த இத்தகைய பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஆயாவோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தானே பெரும்பான்மை? அங்கே தீர்மானமாகப் போட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு அனுப்புங்கள். பாக்கெட்டின் பின்பக்கச் சத்து அட்டவணையைப் பிள்ளைக்குப் படித்துக்காட்டுங்கள். ஆனால் 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு அந்த அட்டவணையே கட்டாயமில்லை. பிள்ளைகள் கையில் அதிகம் புழங்கும் சின்னப் பொட்டலத்துக்குத்தான் இந்தச் சலுகை!

இன்னொரு ஆபத்து மின்கம்பத்தில் தொங்குகிறது. ‘முப்பதே நாளில் பத்துக் கிலோ’ விளம்பரம். உடற்பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறையே ஆறு மாதம் வரை சிறை உண்டு. மருந்தில்லை, சத்துமாவு என்று நழுவினாலும், பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். பில், டப்பா, விளம்பரத்தின் படம் மூன்றையும் தூக்கி எறியாதீர்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.